மாருதி 800: மூன்று நாள் நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை, பேட்டரியா டைனமோவா?

காங்கேயம்800

வணக்கம்ங்க. எங்கள் வீட்டில் 1998 மாருதி 800 ஒன்று இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி, ஏசி இல்லாதது. அப்பா வாங்கியது. நான் திருப்பூருக்கு வேலைக்கு பைக்கில்தான் போகிறேன், அதனால் கார் வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வெளியே வரும், சந்தைக்கு, நோம்பிக்கு, ஒரம்பரை வந்தால் பஸ் ஸ்டாண்டில் கூப்பிட, அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு குறையும் தெரியாது. மூன்று நாள் நின்றுவிட்டால் போதும், சாவியைத் திருப்பினால் செல்ஃப் டிக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் சரிவு இருப்பதால் தள்ளி எடுத்துவிடுகிறேன். ஆனால் போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வெள்ளென எடுக்கப்போய், தெருவில் நாலு பேரை எழுப்ப வேண்டியதாகிவிட்டது. அம்மாவும் இறங்கித் தள்ளுகிறேன் என்று நின்றதுதான் எனக்கு ஆகவில்லை.

முன்கதை இது. பழைய பேட்டரி நாலு வருடம் உழைத்துவிட்டுப் போன கார்த்திகையில் போய்விட்டது. புதியது போட்டோம், 35 ஏஹெச் (ஆம்பியர் மணி). போட்ட எலக்ட்ரீசியன் வண்டி ஓடும்போதே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிக் காட்டி, "பாருங்க, வண்டி நிக்கலை, டைனமோ அருமையா இருக்குது" என்றார். மாசிக்குள் அந்தப் பேட்டரி படுத்துவிட்டது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். இப்போது இரண்டாவதும் அதே கதை. பேட்டரிக் கடைக்காரர் டைனமோவைப் பாருங்கள் என்கிறார், எலக்ட்ரீசியன் பேட்டரியைப் பாருங்கள் என்கிறார். நடுவில் நான் வரப்பில் மாட்டிய எலி.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி நானே பார்த்தேன். மூன்று நாள் நின்ற பிறகு காலையில் 11.9 வோல்ட். ஸ்டார்ட் ஆனபின் 13.2. ஹெட்லைட்டும் புளோயரும் போட்டால் 12.5. மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிவதே இல்லை, அப்படியானால் சார்ஜிங் சரியாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ரேடியோவில் மட்டும் ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஒரு கீச்சுச் சத்தம் ஏறிக்கொண்டே போகும், அது பழைய செட் என்று விட்டுவிட்டேன்.

ஒரேயடியாகப் புது ஆல்டர்நேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது, நம் பக்கம் டைனமோ என்பார்கள்) வாங்கி மாட்டிவிடலாமா? விலையைக் கேட்டால்தான் நெஞ்சு அடைக்கிறது.

பல்லடத்துக்காரன்

ப்ரோ, 98 வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. புதுசு வேண்டாம் என்றால் கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள், 800 ஆல்டர்நேட்டர் கிடைக்கும். மாட்டினோமா போனோமா என்று இருக்க வேண்டும்.

வைண்டிங்பட்டறை_கணபதி

தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். பழைய சாமானில் இன்னொருத்தர் கழற்றிப் போட்ட குறையைக் காசு கொடுத்து வாங்கிவர வாய்ப்பு உண்டு. 1937லேயே கோவை பீளமேட்டில் மோட்டார் செய்த ஊர் நம்முடையது, ஒரு ஆல்டர்நேட்டரைப் பிரித்துப் பார்க்க ஆளா இல்லை.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கு. நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் அது எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும், இல்லை ஒயர் அறுந்திருக்கும், இல்லை ஆல்டர்நேட்டருக்குள் சுழலும் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்து முடிந்திருக்கும். அந்தப் பல்பு வழியாகப் போகிற துளி கரண்ட்டில்தான் பல வண்டிகளில் ஆல்டர்நேட்டர் முதல் மூச்சு எடுக்கிறது. உங்கள் வண்டியில் சாவி போட்டதும் எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் 13.2. நல்ல பேட்டரி நிறைய சார்ஜோடு சும்மா இருக்கும்போது 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் அடிமட்டம். ஓடும்போது 13.8 முதல் 14.5க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 13.2, அதுவும் லைட் போட்டால் 12.5. லைட்டுக்கே பத்து ஆம்பியர் பக்கம் போகும், புளோயருக்கு ஒரு நாலைந்து, இதைத் தாங்க முடியாமல் உங்கள் ஆல்டர்நேட்டர் பேட்டரியிடம் கைமாத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. ராத்திரி தாராபுரம் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் சார்ஜ் ஏறாது, இறங்கும்.

ரேடியோ சத்தத்தைத் தள்ளிவிட்டீர்களே, எனக்கு அதுதான் முக்கியமான துப்பாகப் படுகிறது. ஆல்டர்நேட்டருக்குள் பிறப்பது மூன்று பேஸ் ஏசி கரண்ட், உங்கள் தோட்டத்து மோட்டார் மாதிரியே. அதைக் கரண்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ஆறு டயோடு சேர்ந்து டிசி ஆக்கிப் பேட்டரிக்கு அனுப்புகின்றன. ஒரு டயோடு கெட்டால் என்ன ஆகும்? ஒரு பேஸ் போனால் கிணற்று மோட்டார் உறுமிக்கொண்டு தண்ணீர் குறைவாக வருமே, அதே கதைதான். கொஞ்சம் சார்ஜ் வரும், முழுசாக வராது, வருவதும் அலை அலையாக வரும். அந்த அலைதான் ரேடியோவில் கீச்சிடுவது. இதில் டயோடு கசிந்தால் இன்னொரு வேலையும் செய்யும், வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து கரண்ட்டைப் பின்பக்கமாகக் குடிக்கும். ஒரே குறையில் உங்கள் இரண்டு புகாரும் அடங்கிவிடும். ஆனால் பார்க்காமல் சொல்லக் கூடாது, அளந்துவிடுவோம்.

வண்டி ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி இரண்டு முனையிலும் பிடியுங்கள். நல்லதில் 0.1க்குள் இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடு சந்தேகம். ஒரு எச்சரிக்கை, விலை குறைந்த மீட்டர்கள் ஏசியில் வைத்தாலும் டிசியையே படித்துவிட்டு இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று காட்டும். வண்டி ஆஃபில் இருக்கும்போதே ஒரு தடவை ஏசியில் பிடித்துப் பாருங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஒரு முனையில் சின்ன கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்துப் பிடியுங்கள், அது டிசியைத் தடுத்துவிடும்.

பிறகு நிற்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்பது. எல்லாவற்றையும் ஆஃப் செய்து, சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துச் சேருங்கள். அந்த நிலையில் தப்பித்தவறிக்கூட செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும், மூடிவிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத உங்கள் வண்டிக்கு ரேடியோ நினைவுக்கு மட்டும் இருபது மில்லி ஆம்பியர் போனால் அதிகம். ஐம்பதைத் தாண்டினால் எங்கோ ஓட்டை.

முடிந்ததும் சிவப்பு லீடை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் பேட்டரி முனைகளில் வைத்து வோல்ட் பார்த்தால் நேர் ஷார்ட். என் பட்டறைப் பையன் ஒருவன் இப்படி இரண்டு மீட்டரைத் தின்றிருக்கிறான்.

கோபி_அம்பாசிடர்

வைண்டிங் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், எனக்கு ஒரே ஒரு ஆதங்கம்தான். ஓடும்போது டெர்மினலைக் கழற்றிக் காட்டினாராமே, அதைப் படித்ததும் பகீர் என்றது.

அது அந்தக் கால டைனமோ பழக்கம். எங்கள் அப்புச்சி வைத்திருந்த பழைய அம்பாசிடரில் நிஜமாகவே டைனமோதான், பக்கத்தில் கருப்புப் பெட்டியில் கட் அவுட், அதாவது டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கிற ரிலே. ஐட்லிங்கில் லைட் மங்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பளிச்சென்று எரியும். பத்தடி தூரத்தில் மாட்டு வண்டி போவதே தெரியாமல் சத்தி ரோட்டில் அவர் ராத்திரி ஓட்டியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்தக் கால மெக்கானிக்குகள் பேட்டரியைக் கழற்றித்தான் டைனமோ பார்ப்பார்கள், அப்போதே அது நல்ல பழக்கம் இல்லை. ஆல்டர்நேட்டர் வந்த பிறகும் பேரும் டைனமோ என்றே ஒட்டிக்கொண்டது, பழக்கமும் ஒட்டிக்கொண்டது.

ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைச் சட்டென்று பிரித்தால் போக இடமில்லாத கரண்ட் ஒரு நொடிக்குள் பல மடங்கு வோல்ட்டாக எகிறும். அதைத் தாங்கிப் பிடிக்கும் மெத்தை பேட்டரிதான், அதையே உருவிவிட்டால் டயோடு, ரெகுலேட்டர், ரேடியோ எது வேண்டுமானாலும் போகலாம். இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டரே போகும். உங்கள் முன்கதையை நீங்களே திரும்பப் படித்துப் பாருங்கள். பழைய பேட்டரி நாலு வருடம் உழைத்தது, கழற்றிக் காட்டிய நாளிலிருந்து எந்தப் பேட்டரியும் நாலு மாதம் தாண்டவில்லை. அதனால்தான் போனது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனாலும் கணக்கு இடிக்கிறதல்லவா?

அப்புறம் அளப்பதற்கு முன்னால் பேட்டரியை வெளியே எடுத்துச் சார்ஜரில் போட்டு முழுசாக ஏற்றுங்கள். காலிப் பேட்டரியோடு ஓடும்போது பார்க்கிற வோல்ட்டை நம்ப முடியாது. மூடி திறக்கிற பேட்டரி என்றால் ஆசிட் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டர் விட்டு ஆறு செல்லையும் பாருங்கள், 1.260க்கு மேல் ஒரே மாதிரி இருந்தால் பேட்டரி மேல் பழி இல்லை. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் முடிந்தது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் கூடாது, நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், டீயே உப்புக் கரிக்கிறது.

காங்கேயம்800

அண்ணன்மார் இருவருக்கும் நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலைதான், அம்மா சாப்பாட்டைத் திண்ணைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டது.

சாவி போட்டுப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரியவில்லை. மீட்டர் போர்டைக் கழற்றினால் அந்த இடத்தில் பல்பே இல்லை, வெறும் குழி. அப்பாவிடம் கேட்டதற்கு, "ராத்திரியில மினுக் மினுக்குன்னு மங்கலா எரிஞ்சுட்டே இருந்துது கண்ணு, கண்ணுக்கு உறுத்தலா இருக்குதுன்னு கழட்டச் சொல்லிட்டேன்" என்கிறார். எப்போது என்று கேட்டால், பேட்டரி புதுசா போட்டமே, அதுக்கப்புறம்தான் என்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு, இறக்கி நாலு மணி நேரம் வைத்துப் பார்த்தால் 12.7. ஆறு செல்லும் 1.265ஐ ஒட்டியே இருக்கின்றன. பேட்டரி பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

மாட்டி ஓடவிட்டால் 13.3. ஏசியில் வைத்தால் என் மீட்டரும் அண்ணன் சொன்ன அதே வியாதிக்காரன், ஆஃபில் இருக்கும்போதே 27 என்றது. டேபிள் ஃபேன் ஒன்றைப் பிரித்துக் கெப்பாசிட்டர் எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன், இப்போது ஆஃபில் பூஜ்யம், ஓடும்போது 0.9.

நின்றிருக்கும்போது குடிப்பது 0.34 ஆம்பியர். ஒரு நாளைக்கு எட்டு ஏஹெச், 35ல் பாதி இரண்டே நாளில் காலி. மூன்றாம் நாள் ஏன் டிக் என்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன், ரேடியோ ஃபியூஸுக்கு 0.02 குறைந்ததோடு சரி. எல்லா ஃபியூஸையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மீட்டர் அசையாமல் 0.32 காட்டுகிறது. எங்கே போகிறது இந்தக் கரண்ட்?

வைண்டிங்பட்டறை_கணபதி

ஃபியூஸ் பெட்டிக்குள் வராத ஒயர்கள் இரண்டு இருக்கின்றன தம்பி. ஒன்று செல்ஃபுக்குப் போகிற தடித்த கேபிள், இன்னொன்று ஆல்டர்நேட்டர் பின்னால் நட்டு போட்டு முறுக்கியிருக்கிற மெயின் ஒயர். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்நேட்டர் பின்னால் அந்த நட்டை அவிழ்த்து ஒயரை எடுங்கள், முனை பாடியில் படாமல் டேப் சுற்றுங்கள், சின்ன சாக்கெட்டையும் உருவுங்கள். பிறகு மறுபடி நடுவில் மீட்டர். நெகட்டிவைக் கழற்றாமல் அந்த நட்டில் ஸ்பேனர் போட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும், கை மோதிரம் போட்டிருந்தால் அதையும் கழற்றி வையுங்கள்.

சிலர் காலையில் ஆல்டர்நேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள், கசிந்தால் லேசாகச் சூடு இருக்கும் என்று. உங்கள் அளவுக்கு நாலு வாட்தான், அவ்வளவு பெரிய இரும்புக் கட்டியில் கைக்குத் தெரியாது. மீட்டரை நம்புங்கள்.

பொள்ளாச்சி_டீசல்

கழற்றும்போதே ஒயர் முனையையும் பாருங்கள். எனக்கு இதே மாதிரி 13.1 காட்டியபோது டயோடு நன்றாக இருந்தது, குறை ஒயரில். ஓடும்போது லைட் போட்டுவிட்டு, ஒரு முனையை ஆல்டர்நேட்டர் நட்டிலும் இன்னொன்றைப் பேட்டரி பாசிட்டிவிலும் வைத்தால் 0.2க்குள் இருக்க வேண்டும், எனக்கு 0.9 காட்டியது. ஒயர் முனையில் இருக்கிற லக் பச்சை பூத்து உள்ளே இரண்டு இழைதான் மிச்சம். அதே மாதிரி ஆல்டர்நேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் பாருங்கள், அது எர்த் பக்கம். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வருகிற எர்த் பட்டையை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

காங்கேயம்800

முடிந்ததுங்க. கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன், வேலையில் ஷிப்மெண்ட் நெருக்கடி.

அந்த நட்டை அவிழ்த்து ஒயரை எடுத்ததும் 0.34 பொத்தென்று 0.02க்கு வந்துவிட்டது. அந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டேன். பொள்ளாச்சி அண்ணன் சொன்னதையும் பார்த்தேன், பாசிட்டிவ் பக்கம் 0.15, எர்த் பக்கம் 0.1, அதில் குறை இல்லை.

ஆல்டர்நேட்டரைக் கழற்றி, பையில் போட்டு பஸ்ஸில் கோவைக்கு எடுத்துப்போய் ஒரு வைண்டிங் கடையில் கொடுத்தேன். கண்முன்னாலேயே பிரித்தார். செம்புக் கம்பிக் காயில் நன்றாக இருக்கிறது, நிறம்கூட மாறவில்லை. டயோடு பிளேட்டில் சாலிடரை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துக் காட்டினார், ஐந்தும் ஒரு பக்கம் 0.5 காட்டி மறுபக்கம் ஒன்றும் காட்டவில்லை, ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் காட்டியது. அதுதான் எங்கள் வீட்டுத் திருடன். கார்பனைப் பார்த்தால் சுண்டு விரல் நகம் அளவுக்குத் தேய்ந்துபோய், இன்னும் ஆறு மாதத்தில் அதுவும் கைவிட்டிருக்கும். பிளேட், கார்பன், இரண்டு பேரிங், கூலி எல்லாம் சேர்த்தும் புதுசுக்குச் சொன்ன விலையில் கால் பங்குகூட வரவில்லை. பெல்ட் பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது என்று சொன்னார், அதையும் மாற்றிவிட்டேன்.

இப்போது ஓடும்போது 14.2, லைட்டும் புளோயரும் போட்டால் 13.8. ஏசியில் 0.04. ரேடியோ கீச்சிடுவதும் நின்றுவிட்டது. பல்பும் போட்டாகிவிட்டது, சாவி போட்டால் எரிகிறது, வண்டி ஸ்டார்ட் ஆனதும் சுத்தமாக அணைகிறது. ஒன்பது நாள் வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு நேற்றுப் பொழுதோடு பார்த்தேன், 12.5, ஒரே அடியில் எடுத்தது.

பல்லடத்துக்காரன்

சரிங்க, தோற்றுவிட்டேன். என் ஆம்னியிலும் ரேடியோ கீச்சிடுகிறது, இப்போதுதான் பயமாக இருக்கிறது. ஞாயிறு மீட்டரோடு வருகிறேன்.

வைண்டிங்பட்டறை_கணபதி

வாங்க, ஆனால் முதலில் ஏசியில் பூஜ்யம் காட்டுகிற மீட்டராகக் கொண்டுவாங்க.

காங்கேயம் தம்பி, புது பெல்ட் கொஞ்ச நாளில் தளரும். ஒரு முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கினால் அட்ஜஸ்ட்மெண்ட் போல்ட்டை இளக்கிக் கொஞ்சம் இழுத்து வைத்து முறுக்கிவிடுங்கள். ரொம்ப இழுத்துவிடாதீர்கள், புது பேரிங் கத்த ஆரம்பித்துவிடும்.